ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்த் திரையும் கொழுந்து கிள்ளும் விரலும்

தீபாவளி விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து கோத்தகிரிக்கு வந்த என் அக்கா மகன், வந்த அன்றே சட்டைப் பையிலிருந்து புதுப் போனை எடுத்துப் புத்தகம் போல விரித்துக் காட்டினான். மூடியிருக்கும்போது சாதாரணப் போன். விரித்தால் எட்டு அங்குலத் திரை. அக்கா அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, கொழுந்து மூட்டையை நிறுவைக்கு அனுப்பிவிட்டுக் கைகழுவி உட்கார்ந்திருந்தாள். பேத்தியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க விரலை வைத்தாள். திரை அசையவில்லை. அழுத்திப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். பிறகு, "இதற்கு என் விரலைத் தெரியவில்லை தம்பி, நீ பார்" என்று என்னிடம் நீட்டினாள். நான் தொட்டதும் படம் பெரிதானது.

அந்தப் போனின் விலை ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அது எட்டரை டன் கொழுந்து. அரை ஏக்கர் வைத்திருப்பவர் சில ஆண்டுகள் பறித்துப் போட வேண்டிய இலை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். அதனாலோ என்னவோ, அந்த வாரம் முழுவதும் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், "சார், அந்த மடிக்கிற போன் விலைக்குத் தகுந்ததுதானா?" என்று கேட்டார்கள். வாசலில் நின்றபடி இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவின் விரலுக்கும் அந்தத் திரைக்கும் இடையில் நடந்தது என்ன என்று தெரிந்தால்தான் விலையைப் பற்றிப் பேச முடியும். அக்கா மகனிடம் இருப்பது எந்த நிறுவனத்தின் போன் என்பது இங்கே பொருட்டில்லை. இந்த இயற்பியல் எல்லா நிறுவனங்களுக்கும் பொது.

தொடுதிரைக்கு அழுத்தம் தேவையில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பொதுவாக இண்டியம், வெள்ளீயம் இரண்டின் ஆக்சைடு கலந்த பூச்சினால் ஆனவை. அதில் மின்சாரமும் பாயும், ஒளியும் ஊடுருவும். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் சிறிது மின்னூட்டம் தேங்கியிருக்கும். மனித உடலுக்குள் இருப்பது பெரும்பாலும் உப்பு கலந்த நீர்தான். அது மின்சாரத்தைக் கடத்தும். விரல் அருகே வந்தால் அந்த இடத்து மின்புலத்தில் ஒரு பங்கு விரலின் பக்கம் இழுபடுகிறது. அந்தச் சிறு குறைவைத்தான் உள்ளே இருக்கும் சிப் ஒரு நொடிக்குப் பல முறை அளந்து, 'இங்கே ஒரு விரல் இருக்கிறது' என்று முடிவு செய்கிறது.

இப்போது அக்காவின் விரலைப் பாருங்கள். பதினைந்து வயதிலிருந்து கொழுந்து கிள்ளிய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவை. தேயிலைக் கறை ஏறிக் கறுத்து, காய்த்துப்போன தோல். மேல்தோலின் வெளிப்படலம் உயிரற்ற, உலர்ந்த செல்களால் ஆனது. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உழைத்த கையில் அந்தப் படலம் தடித்திருக்கும். மின்சாரத்தைக் கடத்தும் ஈரத் தசை, திரையிலிருந்து அந்த அளவுக்குத் தள்ளிப் போகிறது. தூரம் கூடக் கூட மின்தேக்கம் குறையும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரிகிற கணக்கு இது. குளிரில் விரல் நுனிக்கு வரும் ரத்த ஓட்டமும் குறைந்து தோல் இன்னும் வறண்டுவிடுகிறது. இத்தனையும் சேர்ந்த பிறகு, அக்காவின் விரல் சிப்புக்கு விரலாகவே படவில்லை. நாள் முழுவதும் விசைப்பலகை தட்டுகிற மென்மையான விரலுக்கு உடனே பணிகிற திரை, உழைத்த விரலுக்குத் தயங்குகிறது. யாரும் வேண்டுமென்று செய்ததில்லைதான். ஆனாலும் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. விலை கூடக் கூட இந்தக் குறை தீரும் என்று எதிர்பார்ப்பதுதானே இயல்பு? அது தீரவில்லை.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு, பலருக்குத் தெரியாது. பல போன்களின் அமைப்புப் பகுதியில் 'தொடு உணர்திறன்' அல்லது 'கையுறைப் பயன்முறை' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கினால் மிகச் சிறிய மாற்றத்தைக்கூடச் சிப் தொடுகையாக ஏற்றுக்கொள்ளும். திரைமேல் ஒட்டியிருக்கும் தடித்த டெம்பர்ட் கிளாஸை எடுத்துவிட்டு மெல்லிய உறை ஒட்டினால் இன்னும் நல்லது, தூரம்தானே சிக்கல். விரல் நுனியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாமே என்றும் ஒருவர் கேட்டார். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. விரலை இலேசாக ஈரப்படுத்துவதுதான் உதவும்.

ஈரம் என்றதும் அடுத்த சிக்கல் வந்துவிடுகிறது. நீலகிரியில் அதுதான் பெரிய சிக்கல்.

வரும் வழியில் கர்நாடக எல்லையிலுள்ள கக்கநல்லா சோதனைச் சாவடியில் அக்கா மகனின் காரை நிறுத்தியிருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல சாரல். கண்ணாடியை இறக்கிப் போனை விரித்து இ-பாஸைக் காட்டப் போனால், திரையில் விழுந்த துளிகள் அவன் தொடாமலே பக்கத்தைத் தள்ளின, பெரிதாக்கின, வேறு எதையோ திறந்தன. கடைசியில் போனை உள்ளே இழுத்து, துண்டால் துடைத்து, கார் விளக்கைப் போட்டுக் காட்டியிருக்கிறான். "வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லித்தானே மாமா விற்கிறார்கள்?" என்று என்னிடம் ஆதங்கப்பட்டான்.

போனுக்குள் தண்ணீர் போகாது என்பதும், தண்ணீரில் போன் ஒழுங்காக வேலை செய்யும் என்பதும் இருவேறு வாக்குறுதிகள். நிறுவனங்கள் தருவது முதலாவதை மட்டும். மின்புலத்தை ஏற்கும் தன்மை காற்றைவிடத் தண்ணீருக்குச் சுமார் 80 மடங்கு அதிகம். ஆகவே திரையில் நிற்கும் ஒரு துளி, சிப்பின் பார்வையில் விரலுக்கு மிக நெருங்கிய உறவு. இரண்டு துளிகள் ஒன்றாக வழிந்தால், விரலை இழுத்ததுபோல் ஆகிவிடுகிறது. உண்மையான விரல் துளியோடு சேர்ந்தால் தொட்ட இடமே மங்கிப் பரவிவிடும். துளியையும் விரலையும் பிரித்தறிய மென்பொருள் முயல்கிறது. விலை உயர்ந்த போன்களில் ஓரளவு நன்றாகவே முயல்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழையைக் கண்ட மாவட்டம் இது. சாரலிலும் மூடுபனியிலும் மாதக்கணக்கில் வாழ்கிறவர்களுக்கு 'ஓரளவு' போதாது.

பாதுகாப்புத் தரம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஐபி என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் இரண்டு எண்களில் முதலாவது தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. மடிப்பு போன்களில் பரவலாகக் காணப்படும் ஐபி48 என்பதில் 8 தண்ணீருக்கு உரியது; நல்ல தரம். 4 என்பதன் பொருள், ஒரு மில்லிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய பொருள் மட்டுமே உள்ளே போகாது என்பது. நம் ஃபேக்டரிகளில் சலித்தெடுக்கும் டஸ்ட் தேயிலையின் துகள் ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறியது. கேரட் தோட்டத்துச் செம்மண்ணும் அப்படியே. மடிப்புப் போனின் உயிர்நாடி அதன் கீல். அதன் பல்சக்கரங்களுக்குள் அந்தத் துகள் போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை மிக்சி பழுது பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 2025-ல் கூகுள் தன் மடிப்புப் போனுக்குத் தூசியையும் முழுமையாகத் தடுக்கும் ஐபி68 தரத்தைக் கொண்டுவந்தது. மடிப்புப் போன்களில் அதுவே முதல் முறை. சாதாரணப் போன்கள் அந்தத் தரத்தை எட்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

திரையைப் பற்றிப் பேசும்போது குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அது ஒரு பொறியியல் அற்புதம். கண்ணாடியை மடிக்கலாம் என்று என் ஆசிரியரிடம் நான் சொல்லியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார். உள்திரையில் இருப்பது தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி. அந்த அளவுக்கு மெலிந்தால் கண்ணாடியும் காகிதம் போல வளையும். அதன்மேல் பாதுகாப்புக்காகப் பிளாஸ்டிக் படலம். நாம் தொடுவது அந்தப் படலத்தைத்தான். நகம் பட்டாலே கோடு விழக்கூடிய மென்மை அதற்கு.

2019-ல் சாம்சங் தன் முதல் கேலக்ஸி ஃபோல்டை அறிமுகம் செய்தபோது, மதிப்பிட்டு எழுதுவதற்காக முன்கூட்டியே கொடுத்த போன்களில் சில ஓரிரு நாட்களிலேயே பழுதாயின. உறை என்று நினைத்துச் சிலர் அந்தப் படலத்தையே உரித்துவிட்டார்கள். சிலவற்றில் கீல் வழியே துகள் புகுந்தது. ஏப்ரலில் வர வேண்டியது தள்ளிப்போய்ச் செப்டம்பரில்தான் விற்பனைக்கு வந்தது. இந்தியாவில் அதன் விலை 1,64,999 ரூபாய். அதற்குப் பின் வந்தவை வெகுவாகத் தேறியிருக்கின்றன. 2021-ல் தண்ணீர்த் தடுப்பு வந்தது. 2025-ல் வந்த ஃபோல்ட் 7 விரித்த நிலையில் 4.2 மில்லிமீட்டர்தான். ஆறு ஆண்டுகளில் இத்தனை முன்னேற்றம். விலை மட்டும் இறங்கவில்லை, அறிமுகத்தின்போதே 1,74,999 ரூபாய்.

விலை இறங்காதது எனக்கு முக்கியமான அறிகுறியாகப் படுகிறது. தொடுதிரையின் கதையை முழுதாகப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். 1965-ல் இங்கிலாந்தின் மால்வெர்ன் ராடார் ஆய்வு நிலையத்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர் விரலால் தொடும் திரையை விவரித்து எழுதினார். வானூர்திப் போக்குவரத்தைக் கண்காணிப்பவர்களுக்காக எழுந்த யோசனை அது. எழுபதுகளில் ஜெனிவாவின் செர்ன் ஆய்வகத்தில் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்குத் தொடுதிரை வந்தது. 1994-ல் ஐபிஎம் வெளியிட்ட சைமன் என்ற போனில் பொத்தான்களுக்குப் பதில் தொடுதிரை இருந்தது, அது நிலைக்கவில்லை. 2007 ஜூனில் ஐபோன் வந்தது. அதன் உயர்ந்த வகைக்கு 599 டாலர் கொடுத்து வரிசையில் நின்று வாங்கியவர்கள், செப்டம்பர் தொடக்கத்திலேயே அது 399 டாலராகக் குறைந்ததைப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த ஐபோன் 3ஜியின் தொடக்க விலை 31,000 ரூபாய். அன்று அது மலைப்பூட்டும் தொகை. இன்று பத்தாயிரம் ரூபாய்ப் போன் அதைவிடப் பல மடங்கு வேலை செய்கிறது.

அன்று சொல்லப்பட்ட பெருமைகள் பெரும்பாலும் உண்மையாயின. விரலால் திரையைத் தொட்டு எல்லாம் செய்யலாம் என்றார்கள், செய்கிறோம். ஆனால் அந்த வாக்குறுதி முழுப் பலன் தந்தது பிற்பாடு மலிவாக வாங்கியவர்களுக்கு. முதலில் வாங்கியவர்கள் அதை வளர்த்தெடுக்கும் செலவை ஏற்றுக்கொண்டார்கள். நல்ல தொழில்நுட்பம் பரவும்போது விலை இறங்க வேண்டும். புத்தகம் போல விரியும் இந்த வரிசைப் போன் ஆறு ஆண்டுகளாகியும் விலை இறங்காமல் நிற்கிறது என்றால், அது இன்னும் செலவு ஏற்பவர்களின் கட்டத்திலேயே இருக்கிறது.

புதியது எதுவும் நிலைக்காது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அப்படிச் சொல்ல நீலகிரிக்காரர்களுக்கு உரிமையும் இல்லை. 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனத்தின் ஊட்டி ஆலை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 'இந்து' என்ற பெயரில் அங்கே தயாரான படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் நாடெங்கும் போயின. பிறகு டிஜிட்டல் கேமரா வந்தது. முதலில் அதன் படம் மங்கலாக இருந்தது, விலை அதிகமாக இருந்தது, 'இது ஃபிலிமுக்கு ஈடாகுமா' என்று பேசினார்கள். ஆலை மூடப்பட்டுவிட்டது, அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்று போனில் படம் எடுக்கிறார்கள். ஒரு புதுமை உண்மையிலேயே எல்லாவற்றையும் புரட்டிப் போடும் என்பதை எங்களைவிட வலியோடு அறிந்தவர்கள் குறைவு. அதனால்தான் மடிப்புத் திரையை உதறித் தள்ளாமல் உட்கார்ந்து பார்க்கிறேன். டிஜிட்டல் கேமரா ஃபிலிம் வாங்கும் செலவையும் கழுவிப் பிரதி எடுக்கும் காத்திருப்பையும் ஒழித்தது. மடிப்புத் திரை எந்தச் செலவை, எந்தக் காத்திருப்பை ஒழிக்கிறது? பையில் டேப்லெட் ஒன்றைத் தனியாகத் தூக்கிப்போவதை. அது தேவைப்படும் ஆட்கள் உண்டு. எங்கள் மலையில் அவர்கள் மிகச் சிலர்.

பேட்டரிக்கு வருவோம். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தாவிலும் காந்தலிலும் விடியற்காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். லித்தியம் அயனி பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகிறது, உள் மின்தடை ஏறுகிறது, முப்பது சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்துவிடுகிறது. பூஜ்ஜியத்துக்கும் 35 டிகிரிக்கும் இடையில் பயன்படுத்துங்கள் என்று நிறுவனங்களே கையேட்டில் சொல்கின்றன. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பேட்டரிக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து, நிரந்தரமாகக் கெட்டுவிடலாம். இரவில் ஜன்னலோரம் வைத்துச் சார்ஜ் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இந்த வேதியியல் விலை பார்ப்பதில்லை. பார்க்கப்போனால் மடிப்புப் போனில் பேட்டரிக்கு இடமே குறைவு. நான் சொன்ன ஃபோல்ட் 7-ல் 4,400 எம்ஏஎச். பதினைந்தாயிரம் ரூபாய்ப் போன்களில் 5,000 என்பது சாதாரணம். பெரிய திரைக்கு அதிக மின்சாரம் வேண்டும், கொடுப்பதோ குறைவு.

சிக்னலும் அப்படித்தான். 5ஜிக்குப் பரவலாகப் பயன்படும் 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மலையைச் சுற்றி எளிதில் வளைந்து வராது, பள்ளத்துக்குள் எளிதில் இறங்காது. டவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் எந்தப் போனும் 4ஜிக்கோ அதற்கும் கீழேயோ போய்விடலாம். சிக்னல் மெலிந்த இடத்தில் போன் உரக்கக் கத்துவதுபோல் அதிக ஆற்றலைச் செலவிட்டு டவரைத் தேடுவதால் பேட்டரி இன்னும் விரைவாகக் கரையும். எங்கள் வீட்டுப் பின்கட்டில் அக்கா மகனின் போனிலும் ஒரு கோடு, அக்காவின் ஒன்பதாயிரம் ரூபாய்ப் போனிலும் ஒரு கோடு.

பழுதைப் பற்றியும் விசாரித்தேன். கோத்தகிரி கடைவீதியில் எனக்குப் பழக்கமான போன் கடைத் தம்பி, "சாதாரண டிஸ்பிளே என்றால் டீ குடித்துவிட்டு வாருங்கள் சார், மாற்றி வைத்திருப்பேன். அந்த உள்திரையை நான் தொடவே மாட்டேன்" என்றான். நிறுவனத்தின் சேவை மையத்துக்குத்தான் போக வேண்டும். உள்திரையை மாற்றும் செலவில் ஒரு நல்ல போனே வாங்கிவிடலாம். தண்ணீரால் வந்த பழுது பொதுவாக உத்தரவாதத்தில் சேராது. தண்ணீர்த் தடுப்புக்கூடப் பயன்பாட்டில் நாளடைவில் குறையும் என்று அதே கையேட்டில் சிறிய எழுத்தில் இருக்கிறது. வெளியே எட்டு டிகிரிக் குளிரில் இருந்த போனை அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தால் வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையில் தண்ணீர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.

இத்தனைக்கும் நடுவில், அந்த வாரத்தில் ஒரு மாலை அந்தத் திரைக்காக நான் மனதார மகிழ்ந்தேன். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கண்ணில் புரை. நிலத்துப் பட்டா, சிட்டாவைச் சிறிய போனில் பார்க்க அவரால் முடியாது. அக்கா மகன் அவர் முன்னால் போனை விரித்து, சர்வே எண்ணைப் பெரிதாக்கிக் காட்டினான். ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தவர், "இப்போதுதான் என் நிலத்தை நானே பார்க்கிறேன்" என்றார். பெரிய திரையின் பயன் அதுதான், மறுக்கவே முடியாது. ஆனால் அதே அளவுத் திரை பதினைந்து, இருபதாயிரம் ரூபாய் டேப்லெட்டில் கிடைக்கிறது. அந்தத் திரை மடங்காது. தாத்தாவுக்கு அது மடங்க வேண்டிய அவசியமும் இல்லை.

மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் அனுப்பும் பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் இந்தப் போனைத் தவணையில் வாங்க நினைக்கிறார். வட்டியே இல்லை என்று வைத்தாலும் 24 மாதத் தவணையில் மாதம் ஏழாயிரத்து முந்நூறு ரூபாய் ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். தோட்டத்தில், மழையில், மண் ஒட்டிய கையோடு போனை எடுக்கிறவர் அவர். எதை வாங்கினாலும் தூசிக்கு 6 என்ற எண் இருக்கிறதா, பேட்டரி 5,000 இருக்கிறதா, கடையிலேயே விரலை நனைத்துத் தொட்டால் கேட்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னேன். புத்தகம் போல விரியும் மடிப்புத் திரையே வேண்டுமானால், ஐம்பதாயிரத்துக்கு வரும் வரை காத்திருக்கலாம் என்றும் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

அக்காவின் பழைய போனில் டெம்பர்ட் கிளாஸை உரித்துவிட்டுத் தொடு உணர்திறனை இயக்கி வைத்தேன். இப்போது இரண்டாவது தொடலில் கேட்கிறது. முன்பு நான்கு முறை தொட வேண்டியிருந்தது.